செட்டிநாட்டில் ரக்பி பழகத் தொடங்குபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ரக்பிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். "என்ன தம்பி, பந்து நசுங்கிருச்சா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்தவர், "பூசணிக்காய் மாதிரில்ல இருக்கு" என்பார். அதற்குள் டீ வந்துவிடும். சென்னையில் கல்லூரியில் படித்தபோது பழகிய ஆட்டம் இது. ஊர் திரும்பி அப்பச்சியின் கடையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு, சனி ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். டீக்கடையிலும் மைதான ஓரத்திலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கான பதில்கள்தான் கீழே இருப்பவை.

அமெரிக்காக்காரர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்களே, அதுதானே ரக்பி?

இல்லை. அது அமெரிக்கன் ஃபுட்பால். ரக்பியிலிருந்து கிளை பிரிந்து போன பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரக்பியில் ஹெல்மெட் கிடையாது, இரும்புக்கூண்டு கிடையாது. பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பந்து இல்லாத ஆளைத் தொடக் கூடாது. ஒருவர் கீழே விழுந்தாலும் ஆட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, விதிகளைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். கையால் கொடுப்பதென்றால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 5 புள்ளி. தாண்டினால் மட்டும் போதாது, பந்து தரையில் பட வேண்டும். இதற்கு 'ட்ரை' என்று பெயர். ஆரம்ப காலத்தில் இப்படிப் பந்தை வைத்தால் புள்ளி எதுவும் கிடைக்காது. கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பார்க்க ஒரு முயற்சி, அதாவது ஒரு 'ட்ரை', கிடைக்கும், அவ்வளவுதான். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ட்ரைக்குப் பிறகான உதை உள்ளே போனால் 2 புள்ளி. பெனால்டி உதைக்கு 3. ஓடுகிற ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி எழும்போது உதைத்துக் கம்பத்துக்குள் அனுப்பினால் அதற்கும் 3.

பந்து வைத்திருப்பவரை மட்டும் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். அதுதான் டேக்கிள். விழுந்தவர் பந்தை உடனே விட வேண்டும். வீழ்த்தியவரும் பிடியை உடனே விட வேண்டும். பிறகு நின்றுகொண்டிருப்பவர்கள் பந்துக்கு மேலே நின்று ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள், அது ரக். ஸ்க்ரம், லைன்அவுட், மால் எல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதத்தில் இந்தப் பத்தி தாராளமாகப் போதும்.

15 பேருக்கு நாங்கள் எங்கே போவது? எங்கள் தெருவில் மொத்தமே எட்டுப் பையன்கள்.

செவன்ஸ் இருக்கிறதே. ஒரு பக்கம் 7 பேர், பாதிக்கு 7 நிமிடம். பார்க்கிறவர்களுக்கு 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆடுகிறவர்களுக்கு மூன்றாவது நிமிடத்திலேயே நாக்கு வெளியே தள்ளிவிடும், ஏனென்றால் மைதானம் 15 பேர் ஆடுகிற அதே முழு மைதானம்தான்.

1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில் இது பிறந்தது. கிளப்புக்குப் பணமுடை. ஒரே நாளில் பல ஆட்டங்கள் வைத்து வசூல் பண்ணலாம் என்று நெட் ஹேக் என்ற கறிக்கடைக்காரர் யோசனை சொன்னார். ஆட்களைக் குறைத்து நேரத்தையும் குறைத்தார்கள். அந்தக் கறிக்கடை யோசனைதான் 2016இல் ரியோ ஒலிம்பிக்ஸ் வரை போனது. ஆண்கள் பிரிவில் அங்கே தங்கம் வாங்கியது பிஜி. அந்த நாட்டுக்கே அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2011 கணக்கெடுப்பின்படி நம் சிவகங்கை மாவட்டத்தில் 13 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். பிஜியில் 10 லட்சம் பேர்கூடக் கிடையாது. டீக்கடைப் பேச்சில் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள்.

எட்டுப் பேர் இருந்தால் நாலுக்கு நாலு, பாதி மைதானத்தில் ஆரம்பியுங்கள்.

என் தம்பி கபடியில் நல்ல பிடி வீரன். ரக்பி அவனுக்குச் சுலபமாக வருமா?

பாதி சுலபமாக வரும். மீதிப் பாதியில் மற்றவர்களைவிட அதிகமாகத் திணறுவான். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துப் பையன்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறார்கள்.

முதலில் நல்லது. உடம்பைத் தாழ்த்தி நிற்பது, எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்ப்பது, அவன் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று படிப்பது, இதெல்லாம் மற்ற ஊர்ப் பயிற்சியாளர்கள் மாதக் கணக்கில் கத்திக் கற்றுக்கொடுக்கிற விஷயங்கள். கபடிக்காரனுக்கு இது ரத்தத்திலேயே இருக்கும். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கும்போதும் நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்டுவான் பாருங்கள், அந்த நீட்டல்தான் ரக்பியில் ட்ரை. கையில் பந்து இருக்கும், வேறு வித்தியாசம் இல்லை.

இனிச் சிக்கல். கபடியில் பிடித்தால் விடக் கூடாது. பாடுபவன் மூச்சு போகும்வரை அமுக்கி வைப்பதுதான் வெற்றி. ரக்பியில் ஆளைக் கீழே போட்ட அந்த நொடியிலேயே கையை எடுத்தாக வேண்டும். எங்கள் பையன் ஒருவன் முதல் மூன்று ஆட்டங்களில் பிரமாதமாகப் பிடித்தான், ஆனால் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பெனால்டி வாங்கித் தந்தான். "அண்ணே, புடிச்சதை எதுக்குண்ணே விடணும்?" என்று உண்மையான கோபத்தோடு கேட்டான். பந்து கைமாற வழி விட்டால்தான் ஆட்டம் ஓடும், அதற்காகத்தான் என்று விளக்கினேன். அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. நான்காவது ஆட்டத்தில் விட்டுவிட்டு எழுந்து, எதிராளி கீழே விட்ட பந்தை அவனே எடுத்துக்கொண்டு ஓடி ட்ரை போட்டான். அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, 'டேஷ்'. கோட்டுக்கு அருகே வருகிற ஆளைத் தோளால் இடித்து வெளியே தள்ளுவது கபடியில் கைதட்டல் வாங்கும். ரக்பியில் கையால் சுற்றிப் பிடிக்காமல் தோளால் மட்டும் இடித்தால் பெனால்டி, இடி பலமாக இருந்தால் அட்டை. மூன்றாவது, தூக்கிப் போடுவது. எதிராளியின் கால்களைத் தரையிலிருந்து தூக்கி, தலை கீழாகப் போகும்படி விட்டால் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்புவார்கள், இதில் பேச்சே கிடையாது. நான்காவது, கணுக்கால் பிடி. விதிப்படி தப்பில்லை, ஆனால் முழு வேகத்தில் ஓடுகிறவனின் முழங்காலுக்கு நேரே உங்கள் தலை இருக்கும். கபடிக் களத்தில் இல்லாத வேகம் அது.

மஞ்சுவிரட்டுக்குப் போகிற பையன்களுக்கு வேறு பழக்கம். சிராவயல் திடலில் பார்த்திருப்பீர்கள், கை தானாகத் திமிலைத் தேடும். அதே கை ரக்பியில் எதிராளியின் கழுத்தைத் தேடும். தோளுக்கு மேலே எந்தப் பிடியும் கூடாது. தைரியத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் கிடையாது. கையைத்தான் இரண்டு அடி கீழே இறக்க வேண்டும்.

அப்படியானால் பாதுகாப்பாக வீழ்த்துவதை எப்படிப் பழகுவது?

பிடிப்பதற்கு முன்னால் விழக் கற்றுக்கொள்ள வேண்டும். தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கையை ஊன்றாமல், தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் உருண்டு விழுவது. கையை ஊன்றினால் மணிக்கட்டும் காரை எலும்பும்தான் முதலில் போகும். நான் புதிதாக வருகிறவர்களை இரண்டு வாரம் விழ மட்டும்தான் வைக்கிறேன். வீட்டில் கிழிந்துபோன இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் கொண்டுவரச் சொல்வேன். வைக்கோலும் நல்லதுதான், உடம்பு முழுக்க அரிக்கும் என்பதைத் தவிர.

அப்புறம் பிடி. முதலில் இருவரும் முழங்காலில், அடுத்து நடந்து, அடுத்து மெல்ல ஓடி, கடைசியில்தான் வேகம். கண் எதிராளியின் இடுப்பில். அவர் பாதத்துக்கு அருகே உங்கள் முன்காலை வையுங்கள், எட்டிப் பாயாதீர்கள். தோள் அவர் தொடையில் படும்போது உங்கள் தலை அவர் உடலுக்குப் பக்கவாட்டில், பின்பக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். அவருக்கு முன்னால் தலை போனால் அவர் விழும்போது நீங்கள் அடியில் மாட்டுவீர்கள். இரண்டு கையாலும் சுற்றிக் கட்டிக்கொண்டு காலால் தள்ளுங்கள். சம எடை உள்ளவர்களைத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். 45 கிலோ பையனை 80 கிலோ ஆளோடு நிறுத்தி "சும்மா பழகட்டும்" என்று சொல்கிற பயிற்சியாளரிடமிருந்து உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என் மகனுக்கு 10 வயது. இதெல்லாம் கேட்கவே பயமாக இருக்கிறதே?

அவனுக்கு டேக்கிள் வேண்டாம். டேக் ரக்பி போதும். இடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துணிப்பட்டை தொங்கும். பந்து வைத்திருப்பவனின் பட்டையை உருவினால் அதுதான் பிடித்ததற்குச் சமம். பழைய வேட்டிக் கரையைக் கிழித்து, ஓர் இலாஸ்டிக் பட்டையில் சொருகினால் செலவு தீர்ந்தது. ஆச்சி ஒருவர் பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து இருபது பட்டை தைத்துக் கொடுத்தார். உலகத்திலேயே அழகான டேக் ரக்பிப் பட்டைகள் எங்களிடம்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

எனக்கு 38 வயது. முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணும். ஆடலாமா?

டச் ரக்பி ஆடுங்கள். தொட்டால் போதும், யாரும் யாரையும் தள்ள மாட்டார்கள். முழங்காலை முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எங்கே ஆடுவது? நம் ஊர்த் தரைதான் தெரியுமே.

தெரியும், அதனால்தான் மற்ற எல்லாவற்றையும்விட இதைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறேன். ரக்பி புல்லுக்காக உருவான ஆட்டம். நமக்கு வாய்த்தது செம்மண்ணும் சரளையும். மழை பெய்து காய்ந்தால் செம்புறாங்கல் மாதிரியே இறுகிவிடும். அதில் ஒருமுறை சறுக்கி விழுந்தால் தொடைத் தோல் மைதானத்திலேயே தங்கிவிடும்.

கோடையில் வற்றிய கண்மாய் பார்வைக்கு அருமையான மைதானமாகத் தெரியும். தண்ணீர் வடிந்து ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிற சில வாரங்கள் உண்மையிலேயே அருமைதான். வெடிப்பு விட ஆரம்பித்ததும் விட்டுவிடுங்கள், வெடிப்புக்குள் கால் மாட்டினால் கணுக்கால் திரும்பிவிடும். ஆற்று மணல் விழப் பழகுவதற்குச் சிறந்த இடம், ஆனால் அதிலேயே ஓடினால் கெண்டைக்கால் இரண்டு நாளைக்குப் பேசாது. கல்லூரி, பள்ளி மைதானங்களில் புல் இருந்தால் அனுமதி கேளுங்கள். ஓரிடத்தில் எங்களை மூன்று தடவை அலையவிட்டுக் கடைசியில் "பந்து வட்டமாக இருந்தால் சரி" என்றார்கள். சிரித்துக்கொண்டு வந்துவிட்டோம். வேறோர் இடத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் தானே வந்து ஆடினார். நம் ஊரில் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. ஆசிரியர் பயிற்சி முடித்த ஆட்கள் அக்கம்பக்கத்தில் நிறையவே உண்டு, அவர்களைப் பிடியுங்கள்.

எந்தத் தரையானாலும் ஆட்டத்துக்கு முன் எல்லாரும் வரிசையாக நின்று மைதானத்தை ஒருமுறை நடந்து பெருக்க வேண்டும். கண்ணாடித் துண்டு, கல், முக்கியமாகச் சீமைக் கருவேல முள். காலில் ஏறினால் உங்களுக்கு வலி, பந்தில் ஏறினால் எல்லாருக்கும் வலி.

கம்பம் வேண்டுமென்றால் சவுக்கு போதும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே 5.6 மீட்டர், குறுக்குக் கழி 3 மீட்டர் உயரத்தில். அடியில் தேங்காய் நார் அடைத்த சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் போய் மோதுவார்.

என்னென்ன வாங்க வேண்டும்? எதை முதலில்?

மவுத்கார்டு, பந்து, ஷூ. இந்த வரிசையில்தான். பெரும்பாலானவர்கள் தலைகீழாக வாங்குகிறார்கள். ஷூ மினுமினுவென்று இருக்கும், பல் போன பிறகுதான் மவுத்கார்டு ஞாபகம் வரும்.

மவுத்கார்டு என்பது பல்லுக்கு மேலே மாட்டுகிற ரப்பர் உறை. பெட்டியில் போட்டிருக்கிற நேரம் வரை வெந்நீரில் போட்டு எடுத்து, வாயில் வைத்துக் கடித்தால் உங்கள் பல்வரிசைக்கு ஏற்றபடி படிந்துவிடும். விலை இரண்டு பேர் பிரியாணி சாப்பிடுகிற காசுதான். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகள் பல் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. அண்ணன் தம்பி ஒன்றையே மாற்றி மாற்றிப் போடக் கூடாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பந்தில் பெரியவர்களுக்கு 5ஆம் எண். நீளம் 28 முதல் 30 செ.மீ., எடை 410 முதல் 460 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கு 3 அல்லது 4. மேல்பரப்பில் சொரசொரப்பான புள்ளிகள் இருக்க வேண்டும், வியர்த்த கைக்கு அதுதான் பிடிமானம். இணையத்தில் படத்தைப் பார்த்து நான் முதலில் வாங்கியது பளபளவென்று வழுக்கியது. கோயில் திருவிழாவில் விற்கிற பந்துக்கு அக்கா மகன் மாதிரி. வாங்குவதற்கு முன் எடையையும் எண்ணையும் கேளுங்கள்.

இந்தப் பந்து ஏன் இப்படி நீளமாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தின் ரக்பி ஊரில் செருப்புத் தைத்தவர்கள் பன்றியின் மூத்திரப்பையை ஊதி அதன் மேல் தோலைத் தைத்தார்கள். பையின் வடிவம்தான் பந்தின் வடிவம். ஊதியது வாயால். அந்தத் தொழிலாளிகளில் ஒருவரான கில்பர்ட்டின் பேரில் இன்றும் ரக்பிப் பந்துகள் வருகின்றன.

ஷூவுக்குக் கால்பந்து ஸ்டட் ஷூவே போதும். ஸ்டட் 21 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, விளிம்பு கூராகவும் இருக்கக் கூடாது. நம் இறுகிய தரைக்கு நீளமான இரும்பு ஸ்டட் வேண்டாம், சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் உள்ளதே சரி. சட்டைக்கு எளிதில் கிழியாத பருத்தி டி-சர்ட்டும், பையோ ஜிப்போ இல்லாத கால்சட்டையும் போதும். ஜிப்பில் விரல் மாட்டும்.

தலைக்கு மெத்தென்ற தொப்பி போடுகிறார்களே, அது?

ஸ்க்ரம் கேப். காது கிழியாமலும் தலைத் தோலில் சிராய்ப்பு வராமலும் பார்த்துக்கொள்ளும். மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. தோள் பட்டைகளும் அப்படித்தான், போடலாம், கட்டாயமில்லை. இரண்டுமே போட்டவுடன் சில பையன்களுக்கு முரட்டுத் தைரியம் வந்துவிடுகிறது, அதனால் ஆரம்பத்தில் நான் ஊக்குவிப்பதில்லை.

தலையில் அடிபட்டால் என்ன செய்வது?

ஆட்டத்திலிருந்து உடனே வெளியே எடுக்க வேண்டும். மயக்கம் போட்டால்தான் அடி என்று நினைக்காதீர்கள். தலைச்சுற்றல், வாந்தி, வெளிச்சம் கூசுவது, கேட்டதையே கேட்பது, எந்தப் பக்கம் ஆடுகிறோம் என்று தெரியாமல் நிற்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் சந்தேகம்தான். சந்தேகமே போதும். அன்றைக்கு அவர் மறுபடி களத்தில் இறங்கக் கூடாது, தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது, வண்டி ஓட்ட விடக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊர் அணிகளுக்கு உலக ரக்பி அமைப்பின் வழிகாட்டல், மீண்டும் ஆடுவதற்குள் குறைந்தது 21 நாள் போக வேண்டும் என்பது. "ஒண்ணுமில்லண்ணே, நல்லாருக்கேன்" என்று பையன் சொல்வான். அவன் சொல்வது கணக்கில் வராது.

கழுத்து வலிக்கிறது என்று யாராவது அசையாமல் படுத்திருந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கி உட்கார வைக்காதீர்கள். அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டு 108க்கு அழையுங்கள். நம் ஊரில் உதவும் மனசு அதிகம், அந்த மனசுதான் இங்கே ஆபத்து.

வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி? என்ன செய்ய வேண்டும்?

இரண்டு நாள் சேர்ந்து, ஒரு நாள் வீட்டில் தனியாக. காலை 6 மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுவோம். சித்திரை, வைகாசியில் எட்டு மணி வெயிலில் ஓடுவது வீரம் அல்ல. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், கட்டாயம்.

முதல் கால் மணி நேரம் உடம்பைத் தயார் செய்வதற்கு. உலக ரக்பி அமைப்பு 'ஆக்டிவேட்' என்று ஒரு பயிற்சித் தொகுப்பு வைத்திருக்கிறது. சமநிலை, குதித்து இறங்குவது, கழுத்துத் தசை, திடீரென்று திசை மாறுவது எல்லாம் அதில் வயதுவாரியாக உண்டு. இங்கிலாந்துப் பள்ளிகளில் இதை வாரம் மூன்று முறை ஒழுங்காகச் செய்த பையன்களுக்குக் காயம் கணிசமாகக் குறைந்தது. கழுத்துப் பயிற்சியைப் பையன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு தவிர்ப்பார்கள். விடாதீர்கள்.

அப்புறம் பாஸ். இரண்டு கையாலும், இரண்டு பக்கமும். நம் எல்லாருக்கும் வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் வீசுவது வரும், மறுபக்கம் பந்து தரையைத் தேடும். வீட்டுச் சுவரில் நாளைக்கு ஐம்பது தடவை வீசிப் பழகுங்கள். (பூசிய முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் வீசினால் ஐயா என்ன சொல்வார் என்பதற்கு நான் பொறுப்பில்லை.) பின்னால் ஓடிவருகிறவன் வாயைத் திறந்து கூப்பிடுவதையும் பழக்க வேண்டும். பந்து வைத்திருப்பவனுக்கு முதுகில் கண் இல்லை. முதல் மூன்று மாதம் தொடுவதும் பட்டை உருவுவதும் மட்டும்தான் எங்கள் ஆட்டம், முழு டேக்கிள் ஆட்டம் அதற்கப்புறம்.

ஒல்லியான உடம்பு. எனக்கு இதில் இடம் உண்டா?

உண்டு. 15 பேர் ஆட்டத்தில் 1 முதல் 8 வரை முன்வரிசை ஆட்கள், கனமும் உயரமும் அங்கே தேவை. 9 முதல் 15 வரை பின்வரிசை, அங்கே வேகமும் கையும். சட்டை எண்ணைச் சொன்னால் போதும், ஆளின் வேலை தெரிந்துவிடும். 9ஆம் எண் பெரும்பாலும் மைதானத்திலேயே சின்ன ஆள், வாய் மட்டும் பெரிது.

கறி, முட்டை சாப்பிட்டால்தான் பலம் வருமா?

சாப்பிடுபவர்கள் சாப்பிடுங்கள். சாப்பிடாதவர்களுக்கு உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்து நெய்யும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற கும்மாயம் நம் வீட்டிலேயே இருக்கிறது. பயிற்சி முடிந்து ஓர் உருண்டை. டப்பா புரதப் பொடியை 16 வயதுப் பையனுக்கு வாங்கித் தராதீர்கள்.

பெண் பிள்ளைகள் ஆடலாமா?

ஆடுகிறார்கள். விதி, பந்து, மைதானம் எல்லாம் ஒன்றே. இந்தியப் பெண்கள் அணி 15 பேர் ஆட்டத்தில் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றது 2019இல், மணிலாவில், சிங்கப்பூரை 21-19 என்று வென்று. கடைசி நிமிடங்களில் பெனால்டி உதைத்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக். அதே அணியில் ஓடிய பீகாரின் சுவீட்டி குமாரியைத் தேடிப் பாருங்கள், அவர் வேகத்துக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. எங்கள் திடலுக்கு ஆறு பெண்கள் வருகிறார்கள். கோ-கோ ஆடியவர்கள், திடீரென்று வெட்டித் திரும்புவதில் பையன்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இது வெள்ளைக்காரன் ஆட்டம்தானே? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிறந்தது அங்கேதான். ரக்பி என்ற ஊரின் பள்ளியில் 1823இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்து ஆடும்போது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், அப்படித்தான் தொடங்கியது என்று கதை சொல்வார்கள். தலபுராணம் மாதிரிதான், சாட்சி பலம் குறைவு. உலகக் கோப்பைக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். 1871இல் இங்கிலாந்தில் சங்கம் வந்தது. 1895இல் பாகப்பிரிவினை. சனிக்கிழமை ஆட்டத்துக்காகச் சுரங்கத்திலும் ஆலையிலும் கூலியை இழந்த வடக்கத்தித் தொழிலாளிகளுக்கு ஈடு தர வேண்டும் என்று வடபகுதிக் கிளப்புகள் கேட்டன, சங்கம் மறுத்தது. பிரிந்து போனவர்களின் ஆட்டம் 13 பேர் ஆடுகிற ரக்பி லீக் ஆனது. பழைய சங்கம் 1995 வரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தர மறுத்துக்கொண்டே இருந்தது. பணம் படைத்தவர்கள் 'காசுக்கு ஆடக் கூடாது' என்று மற்றவர்களுக்குச் சொல்வது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

இனி நம் பக்கம். 1872 கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கல்கத்தாவில் ஓர் ஆட்டம் நடந்து, அடுத்த வருடம் அங்கே ஒரு கிளப் உருவானது. சில வருடத்தில் பட்டாளம் ஊர் மாறியது, மிச்ச ஆட்கள் போலோவுக்கும் டென்னிசுக்கும் போனார்கள், 1878இல் கலைத்துவிட்டார்கள். வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று கைப்பிடியும் நாகப்பாம்பு, மூடியில் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் 'கல்கத்தா கோப்பை' என்று அதற்காகத்தான் ஆடுகின்றன. இந்தக் கதையை எங்கள் ஐயாவிடம் சொன்னேன். "கையில இருந்த முதலை உருக்கிட்டானா? வட்டிக்கு விட்டிருந்தா இன்னைக்கு எத்தனை கோப்பை வாங்கியிருக்கலாம்" என்றார்.

சென்னையில் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பில் ரக்பி ஆடினார்கள். நகரத்தார் கடல் கடந்து கடை வைத்த ஊர்களில் இன்னும் அதிகம். மலாயாவில் ஒரு போர்க்கப்பலின் அதிகாரிகள் தந்த எச்.எம்.எஸ். மலாயா கோப்பைக்கு 1922 முதல் போட்டி நடந்தது. இலங்கையில் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதுகின்றன, ஊரே திரண்டு போகும். பினாங்கிலும் கொழும்பிலும் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதிய நம் பாட்டன்மார்களில் யாராவது ஒருவர் மாலையில் காலாற நடந்து போய் இதை வேடிக்கை பார்த்திருக்க மாட்டாரா என்று எனக்கு ஒரு நினைப்பு. ஊருக்குத் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்தன, பந்து மட்டும் வரவில்லை.

இந்தியாவில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

இந்திய அணி முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது 1998இல்தான். அந்தக் கால அணியில் ஆடியவர்களில் ஒருவர் நடிகர் ராகுல் போஸ், பிற்பாடு தேசியச் சங்கத்தின் தலைவரும் ஆனார். 2007இல் ஒடிசாவின் கலிங்கா நிறுவனத்துப் பழங்குடிப் பிள்ளைகள் லண்டனுக்குப் போய் 14 வயதுக்குட்பட்டோர் போட்டியை வென்றார்கள். கொஞ்ச காலத்துக்கு முன்புவரை பந்தையே பார்த்திராத பிள்ளைகள். 2022 குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டியில் செவன்ஸ் இருந்தது. 2025 ஜூனில் மும்பையில் ஆறு அணிகளோடு ரக்பி பிரீமியர் லீக் தொடங்கி, முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் எடுத்தது. அதிலிருந்துதான் டீக்கடையில் 'நசுங்கிய பந்து' கேலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இதில் சேர்ந்தால் அரசு வேலை கிடைக்குமா?

அதற்காக மட்டும் அனுப்புவதாக இருந்தால் வேண்டாம். மாநில அணி அளவுக்கு வந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

நடுவரிடம் சண்டை போட்டால்?

பத்து மீட்டர் பின்னால் போவீர்கள். மறுபடி பேசினால் மஞ்சள் அட்டை வரலாம். செவன்ஸில் 2 நிமிடம், 15 பேர் ஆட்டத்தில் 10 நிமிடம் வெளியே. நடுவரிடம் அணித்தலைவர் மட்டும்தான் பேசலாம், அதுவும் மரியாதையாக. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிடுவது பழைய வழக்கம். எங்கள் திடலில் தோற்ற அணி பணியாரம் வாங்க வேண்டும்.

முதல் நாள் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

தண்ணீர், துண்டு, மவுத்கார்டு இருந்தால் அது. பந்து நாங்கள் தருகிறோம். நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள். மோதிரம், சங்கிலி, காப்பு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். கையில் கட்டிய சாமி கயிற்றைக் கழற்ற மனசில்லாதவர்கள் அதன் மேல் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளலாம், ஆனால் வெள்ளி அரைஞாணைக் கட்டாயம் கழற்ற வேண்டும். ஒரு தடவை ஒருவன் அதைக் கழற்றாமல் வந்து, எதிராளியின் சுண்டுவிரல் அதில் மாட்டி, இரண்டு பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு அசையாமல் படுத்துக் கிடந்தார்கள், கத்திரிக்கோல் வரும்வரை.